பதினெட்டு அங்குலம்

“படகு தள்ளலாம், சிக்கின தூண்டில் நூலை எடுக்கலாம், பாட்டில் திறக்கலாம், மீனையும் அளக்கலாம். ஒரே துடுப்புல நாலு வேலை” என்றார் கணவர்.

“துவைச்ச துணியை மடிச்சு வைக்குமா?” என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

அவர் காதில் வாங்கவில்லை. துடுப்பில் அச்சடித்திருந்த ஸ்கேல்மேல் அன்று பிடித்த மீனைக் கிடத்தினார். “பாரு, பதினெட்டு அங்குலம்.” படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள். பன்னிரண்டு.

மறுநாள் துடுப்பும் கையுமாக, அதை வாங்கிய கடையில் நின்றாள்.

“தூண்டில் நூலை எடுக்கப் போய் இதுல இருந்த கொக்கியே ஒடிஞ்சு போச்சு. பாட்டில் திறந்தா விரல் கிழியுது. ஸ்கேலாவது ஒழுங்கானு பார்த்தா, பன்னிரண்டைப் பதினெட்டுங்குது. திருப்பி எடுத்துக்குங்க.”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “மத்ததெல்லாம் சும்மா ஜிகினாம்மா. அந்த ஸ்கேலுக்காகத்தான் வாங்கறாங்க. போன வருஷம் சரியான ஸ்கேல் போட்டு வந்துச்சு. ஒண்ணுகூடப் போகல.”

அளவெடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் தன் வாடிக்கையாளர்களை அவள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். துடுப்பை மறுபடி தோளில் சாத்திக்கொண்டாள்.

“இதே கம்பெனி தையல் டேப் போடுதா? இடுப்பு முப்பத்தெட்டு இருந்தா முப்பத்திரண்டுனு காட்டணும்.”