ரசம் உண்டு

உரிமையாளர் பொய் சொன்னால் விளம்பரத் திரை சிவந்து, தானே திருத்திக்கொள்ளும் காலம் அது. இமயமலையில் பனிச்சறுக்கு மைதானம் திறந்த இளவழுதி உண்மையையே போட்டான்: “லிஃப்ட் இல்லை. அறை இல்லை. சாப்பாடு இல்லை. ஏறுவதும் விழுவதும் உங்கள் பாடு.” அதற்காகவே கூட்டம் வந்தது.

ஒருநாள், விழுந்து எழுந்து நடுங்கியபடி வந்தவருக்கு அவன் மனைவி தமயந்தி ஒரு டம்ளர் ரசம் கொடுத்துவிட்டாள். திரை சிவந்தது. ‘சாப்பாடு இல்லை’ மறைந்து, ‘ரசம் உண்டு’ என்று வந்தது.

“தொழிலையே கெடுத்துட்டியே!”

“விறைச்சுப்போய் நிக்கிற மனுஷனை அப்படியே விடச் சொல்றீங்களா?”

மறுநாள் வந்தவர்கள் யாரும் சறுக்கவில்லை. டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் திரை இன்னொரு வரி சேர்த்தது: “உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“அப்படியா?” என்று கணவனை முறைத்தாள்.

“சேச்சே, அளவாத்தான் இருக்கு.”

திரை சிவந்தது.