மண்டோர் கண்ணில் மயில்நீலம்

"என் வீட்டுல கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையெல்லாம் வேணாம். அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் கம்பெனிக்காரம்மாகிட்டயே குடுத்துடு!"

மண்டோர் சிவானந்தம் சொன்னால் சொன்னதுதான். செம்பனைக் காட்டில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற குரல். சாப்பிட்ட கையைக் கழுவினார், பாயில் சாய்ந்தார், கண்ணை மூடிவிட்டார்.

அவர் மனைவி லீலாவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

நாளைக்குப் புக்கிட் ரோத்தானில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி சந்திரிகா வீட்டில் பத்துப் பெண்கள் கூடுகிறார்கள். லீலாவதி அவர்களுக்கு ஐ ஷேடோ கிரீம் பூசிக் காட்டி விற்க வேண்டும். நாலு குட்டி டப்பா. பளபளப்பே இல்லாத பாசிப்பச்சை, மயில்நீலம், முத்து மாதிரி மின்னும் வெள்ளை, ஜிகினா தூவின செம்பு நிறம்.

"ஒரு தடவை பூசினா ஆறு மணி நேரத்துக்கு அசையாது" என்று கம்பெனிக்காரம்மா சத்தியம் செய்திருந்தாள்.

போன மாதம் லிப்ஸ்டிக்குக்கும் இதே சத்தியம்தான். அது முதல் வாய் டீயிலேயே உதட்டை விட்டு கிளாஸுக்குப் போய்விட்டது. "ஏன் லீலா, நீ விக்கிறது உதட்டுக்கா, கிளாஸுக்கா?" என்று சந்திரிகா கேட்க, வீடே சிரித்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் இனி எவளும் கதவைத் திறக்க மாட்டாள்.

தானே பூசிப் பார்க்கலாம் என்றால் இரண்டு இமையிலும் கட்டி. பக்கத்து வீட்டு வேலம்மாவைக் கேட்டாள். "ஆளை விடு லா!" என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியே விட்டாள்.

லீலாவதி பாயைப் பார்த்தாள்.

அகலமான இரண்டு இமைகள். சும்மாதான் கிடந்தன.

'ஒரு மணி நேரம் வச்சுப் பார்க்கலாம். முழிக்கிறதுக்குள்ள துடைச்சிடலாம்.'

சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பூசினாள். இடது இமையில் பாதி பச்சை, பாதி நீலம். வலது இமையில் பாதி முத்து, பாதி செம்பு. மனுஷன் அசையவில்லை; குறட்டைதான் கூடியது.

ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. சோப்பு நுரை தொட்டுத் துடைத்தாள். ம்ஹூம்.

"அட, நல்ல சரக்கு!" என்று மகிழ்ந்தாள்.

அடுத்த நொடி அது யார் கண் என்பது உறைத்தது. "ஐயையோ... நல்ல சரக்கு!"

சிவானந்தம் எழுந்துகொண்டார். அதற்குள் சுவர்க் கண்ணாடி அரிசி டின்னுக்குப் பின்னால் போயிருந்தது. முகம் கழுவி, சட்டை மாட்டி, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். கோயிலில் திருவிழாக் கமிட்டிக் கூட்டம்.

"ஏங்க, இன்னிக்குப் போகாட்டி என்ன?"

"தலைவரே நான்தான். போகாம?"

"அப்போ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் போங்க. வெயிலு."

"வெளியில மழை பெய்யுது, லீலா."

போய்விட்டார்.

ஆறு மணிக்கு வேலம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அடியே, உன் வூட்டுக்காரரு தேவாரம் பாட கண்ணை மூடினாரு பாரு! ஒரு பக்கம் மயிலு, ஒரு பக்கம் ஜிகுஜிகுன்னு தேரு! பையனுங்க துண்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானுங்க. பூசாரி சன்னாசி அண்ணன் என்னடான்னா, ஆத்தா இறங்கிட்டாளுன்னு அவருக்கே கற்பூரம் காட்டிட்டாரு!"

"கண்ணைத் திறக்கவே இல்லையா?"

"எங்க? எப்பவும் ரெண்டு வரியோட நிறுத்துவாரு. இன்னிக்குப் பத்து நிமிஷம் லா!"

லீலாவதி கிரீம் பெட்டியைத் துணியில் சுற்றி, தன் இரண்டு புடவையையும் பக்கத்தில் வைத்தாள். பெட்டியைத் தூக்கி எறிந்தாலும் சரி, தன்னையே அம்மா வீட்டுக்கு அனுப்பினாலும் சரி என்று தயாராக நின்றாள்.

எட்டு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. சிவானந்தம் தொப்பலாக நனைந்து வந்தார். கத்தவில்லை. விளக்குக்கு நேராக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்து பாரு. ஆறு மணி நேரம் ஆச்சுல்ல?"

லீலாவதி குனிந்து பார்த்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவும் வரவும் மழையில நனைஞ்சேன். கற்பூரப் புகை வேற. மோட்டார் கண்ணாடியில பார்த்தேன், பச்சையும் நீலமும் அசையல. செம்பு நல்லாயிருக்குன்னு கூட்டத்துக்கு வந்த நவமணி சொல்லுச்சு. அந்த வெள்ளை மட்டும் இமை மடிப்புல போய்ச் சேர்ந்துக்குது. அதை விக்காதே."

"பெட்டியைத் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களே..."

"ஆமா. பத்துப் பொம்பளைங்க மறுபடி உன்னைப் பார்த்துச் சிரிக்கணுமா? அதுக்குப் பதிலா ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போகட்டும்."

லீலாவதி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அவர் இமையில் வைத்தாள்.

"ஏங்க... நீங்க எப்போ முழிச்சீங்க?"

"நீ முதல் கண்ணுல விரலை வச்சப்பவே. சிரிப்பை அடக்கிக்கிட்டுக் குறட்டை விடறதுதான் பெரும்பாடாப் போச்சு!"