அம்பிகாவின் வேண்டுதல்

"மத்தவளுங்க தீயில விழுந்தடிச்சு ஓடுனாளுங்க. என் மருமவ அடிப்பிரதட்சணம் பண்ற மாதிரி நடந்தா" என்று உடையார்பாளையம் தீமிதியிலிருந்து வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டே வந்தாள் கொளஞ்சியம்மாள்.

வாசலில் மருமகளுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவள், சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அம்பிகாவின் இரண்டு பாதத்திலும் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள்.

"விரதத்துல ஏதும் கொறை வச்சியா?"

"இல்லைங்க அத்தை. சுத்தமாத்தான் இருந்தேன்."

"இவ்வளவு வெந்துருக்கு. வழியில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்பிகா குனிந்து ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். அது உடைந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை; கண் மட்டும் கலங்கியது.

"எனக்குத் தெரிஞ்சாத்தானே அத்தை சொல்றதுக்கு. ஆறு மாசமா முட்டிக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. எம்.எஸ்.னு ஒரு நரம்பு வியாதியாம். முழுசா தீராதுன்னு திருச்சி டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க பயப்படுவீங்கன்னு உங்க மவன்தான் மறைக்கச் சொன்னாரு."

கொளஞ்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமாடி நெருப்புல எறங்குன?"

"எல்லாரும் சுடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு எறங்குனாங்க அத்தை. நான் சுடணும்னு வேண்டிக்கிட்டு எறங்குனேன்."