மூணு மணிக் கூடை

"மணி மூணு. அந்த அம்மா வந்தாச்சு," என்றான் யூன்ஜே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மிக்யோங்குக்குக் காலையிலிருந்தே எரிச்சல். வீடுகளுக்கு மளிகை அனுப்பும் தென்கொரியாவின் தேகு நகரத்துச் சின்ன கம்பெனி அது. அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு அவள்தான் தலைவி; யூன்ஜே அந்தக் குழுவில் ஒருவன். ஊரெங்கும் முட்டைக்குத் தட்டுப்பாடு.

"சரக்கு கூடையிலயே கிடக்குது, கேட்டு வர்றவங்களுக்கு இல்லைங்கறீங்க. கடை நடத்துறோமா, கண்காட்சி நடத்துறோமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார் டைரக்டர்.

மிக்யோங்கின் கண்ணில் பட்ட காரணம், மேங் ஓக்ஜு என்ற ஒரே ஒரு வாடிக்கையாளர். தினமும் வருவார். டோஃபு, முட்டை, சோயா முளை எடுப்பார். பக்கம் பக்கமாக நகர்வார்.

ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போனால், முன்னால் நடந்தது சர்வருக்கு ஞாபகம் இருக்காது. அதற்காகத்தான் ஆளுக்கொரு செஷன் என்ற தற்காலிக நினைவு. அதில் அவரவர் கூடை. அரை மணி நேரக் கெடு. அதுவரை கூடையில் இருக்கும் சரக்கு வேறு யாருக்கும் கிடையாது.

இந்த அம்மாவோ பணம் கட்டும் பக்கம் வரை வந்து, ஒன்றும் வாங்காமல் போய்விடுவார்.

"போட்டிக் கடைக்காரன் உட்கார வச்ச ஆளு. அந்தக் கணக்குக்கு மட்டும் கெடுவை அஞ்சு நிமிஷமாக் குறைச்சிடு," என்றாள் மிக்யோங்.

"பாவம், டீம் லீடர்..."

"திட்டு வாங்கினது நான். அவங்க பாவமா?"

குறைத்தான்.

கூடை காலியானது. மறுபடி டோஃபு ஏறியது. முட்டை ஏறுவதற்குள் காலி. மறுபடி டோஃபு.

"விட மாட்டேங்கிறாங்களே!" என்று சிரித்தாள் மிக்யோங். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கூலிக்கு வந்தவன் இவ்வளவு பாடுபட மாட்டான்.

தொலைபேசி அடித்தது. மிக்யோங் எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, மேங் ஓக்ஜு பேசறேன். கூடை காலியாயிட்டே இருக்கு. நாங்க ஏதாவது தப்பா அமுக்கிட்டோமா?"

"தினமும் எடுக்கிறீங்க, வாங்கவே மாட்டேங்கிறீங்க. மத்தவங்க முட்டை இல்லாமத் திரும்பிப் போறாங்க, தெரியுமா?"

"ஐயோ, நாங்க எடுத்து வச்சா மத்தவங்களுக்குக் கிடைக்காதா? சத்தியமா தெரியாதும்மா."

அவருக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் அழுதது. "அம்மா, டோஃபு ஓடிப்போச்சு! திரும்பத் திரும்ப ஓடிப்போகுது!"

"யாரு அது?"

"என் பையன் இன்ஹோ. நாப்பது வயசாகுது, மனசு மட்டும் இன்னும் சின்னப் பிள்ளை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தானா சாமான் வாங்கப் பழக்கிட்டிருக்கேன். தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால கடைசிப் பக்கத்துல நிறுத்திடுவேன்."

"அதான் நீங்க இருக்கீங்களே. அவருக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"அடுத்த மாசம் எனக்கு ஆபரேஷன். திரும்பி வந்தா நான் பார்த்துக்குவேன். வராட்டி அவன் சாப்பிடணுமில்ல?"

மிக்யோங் திரையில் காலியாகக் கிடந்த கூடையைப் பார்த்தாள்.

"இன்ஹோகிட்ட சொல்லுங்க... டோஃபு இனிமே ஓடாது."

போனை வைத்தாள். "யூன்ஜே, கூடையை செஷன்ல வைக்காதே, அழியாம டேட்டாபேஸ்ல வை. பணம் கட்டற பக்கத்துக்கு வந்தப்புறம் சரக்கைப் பிடிச்சு வச்சாப் போதும். அதுவும் அஞ்சே நிமிஷம்."

"அவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும். இவங்க போன் பண்ணினதால தெரிஞ்சுது. பண்ணாமப் போனவங்க எத்தனை பேரோ!"

"கூடை எத்தனை நாளைக்கு இருக்கணும்?"

"அவங்களா காலி பண்ற வரைக்கும்."

"டைரக்டர் கேட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

அடுத்த மாதம் ஒரு நாள். அதே கணக்கு உள்ளே வந்தது. அன்றைக்கு டோஃபுவும் இல்லை, முட்டையும் இல்லை. ஏதோ தேடல் நடந்தது. அரை வார்த்தை, தப்பு வார்த்தை, மறுபடி அரை வார்த்தை.

பொழுது சாயும்வரை தேடல் ஓயவில்லை. வீட்டுக்குக் கிளம்பின மிக்யோங், கோட்டை மாட்டிக்கொண்டு யூன்ஜேயின் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசியில் கூடையில் ஒன்று விழுந்தது. கூடை காத்திருந்தது. பணம் கட்டியாயிற்று. அந்தக் கணக்கின் முதல் ஆர்டர்!

பூசணிக் கஞ்சி, இரண்டு கிண்ணம்.

"அப்பாடா! பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மிக்யோங்.

யூன்ஜே முகவரியைச் சுட்டிக் காட்டினான். வீட்டு முகவரியை அழித்துவிட்டு, எழுத்துப் பிழைகளோடு புதிதாக ஒன்று அடிக்கப்பட்டிருந்தது.

'ஆஸ்பதிரி. ஆறாவுது மாடி. அம்மா.'