கைதட்டாத தம்பி

பலகையை மூடியிருந்த துணியை மேயர் இழுத்ததும் மைதானமே கைதட்டியது. 'எவாரிஸ்தோ தவாரெஸ் பேஸ்பால் மைதானம்' என்று நீல எழுத்துகள் பளபளத்தன. கைதட்டாத ஒரே ஆள், எவாரிஸ்தோவின் கூடப்பிறந்த தம்பி சிச்சோதான்.

அவன் எதிரே தன் பஞ்சர் கடை வாசலில், பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து வறுத்த வாழைக்காயை மென்றுகொண்டிருந்தான்.

நெரேய்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவனோடு பன்னிரண்டு வருஷக் குடித்தனம். அண்ணன் பேச்சு வந்தாலே கரித்துக் கொட்டுவான். சான் பெட்ரோ ஊரே திரண்டு நிற்கிற இன்றைக்குமா?

மேயர் மைக்கைப் பிடித்தார். "கரும்புத் தோட்டத்துக் குடிசையில பிறந்தவர்! பதினேழே வயசுல அமெரிக்காக்காரன் கொத்திக்கிட்டுப் போன மாணிக்கம்!"

"மாணிக்கமாம்! பதினேழு வயசுல துரை தினம் ரெண்டு வேளை ஷேவ் பண்ணினாரு," என்றான் சிச்சோ.

"வாயை மூடு மனுஷா. ஜனங்க பார்க்கறாங்க."

"ஆறு வருஷம் சின்னச் சின்ன ஊர்ல ஆடி, பஸ்லயே தூங்கி, கடைசியில பெரிய லீக்ல கால் பதிச்சார்!" என்று மேயர் தொடர்ந்தார்.

"கால்தான் பதிச்சாரு. மட்டையில பந்து படணுமே! ரெண்டு சீசன், நாலே நாலு ஹோம் ரன். அதுலயும் ஒண்ணு காத்து தள்ளிக்கிட்டுப் போனது."

பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த முடிதிருத்தும் லியோகாடியோ பொங்கிச் சிரித்தான். "விடு நெரேய்தா. அண்ணன் அமெரிக்காவுல, தம்பி பஞ்சர் ஒட்டறான். வயிறு எரியாம என்ன செய்யும்?"

"தோள்பட்டையில ஆபரேஷன் ஆனபிறகும் சோர்ந்து போகலை! மெக்சிகோ, தைவான்னு உலகம் பூரா நம்ம கொடியைப் பறக்கவிட்டார்!" என்று மைக் முழங்கியது.

"எவனும் சேர்த்துக்கலை, ஊர் ஊரா அலைஞ்சான். தைவான்காரன் மூணே மாசத்துல பெட்டியைக் கட்டி அனுப்பிட்டான்."

நெரேய்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அவர் கால்தூசி பெறுவியா நீ? என்ன கிழிச்சே இதுவரைக்கும்? பெத்த பொண்ணுக்கு அப்பன்னு ஒரு கையெழுத்துப் போட வக்கில்லை. பள்ளிக்கூடத்துல உன் அடையாள அட்டை கேட்டா, பதிவு ஆபீஸ்ல எல்லாம் எரிஞ்சுபோச்சுங்கறே. சர்ச்சுல கல்யாணம் பண்ணிக்கலாம்னா அடுத்த வருஷம்ங்கறே. பன்னெண்டு வருஷமா இதே பாட்டு!"

சிச்சோ மிச்சமிருந்த வாழைக்காயை நாய்க்கு வீசினான்.

மேளமும் அக்கார்டியனும் முழங்க, எவாரிஸ்தோ மேடையை விட்டு இறங்கினார். நீண்ட கைகளையெல்லாம் குலுக்கிவிட்டு, நேராகப் பஞ்சர் கடையைப் பார்த்து நடந்துவந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் மாலை, முழுக்க நரைத்த தலை. கூட்டம் விலகி வழிவிட்டது.

"போச்சு, அடிதடிதான்," என்று லியோகாடியோ பாட்டிலோடு தள்ளி நின்றான்.

"வாங்கண்ணே," என்றான் சிச்சோ, எழுந்திருக்காமல். "தோள்பட்டை தேவலையா? மாலையைச் சுமக்குமா?"

நெரேய்தா குறுக்கே புகுந்தாள். "அத்தான், தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்காதீங்க. இவனுக்கு உங்க மேல பொறாமை. புத்தி அவ்வளவுதான்."

"இவனுக்கா?" எவாரிஸ்தோ அந்த வெள்ளைக் கோட்டோடு தம்பி பக்கத்தில், எண்ணெய் படிந்த டயர் மேலேயே உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருஷமா என்னைத் திட்டிக்கிட்டே இருக்கான், தெரியும். ஆனா ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எவன்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா மறுநாளே என்னை ஊருக்கு அனுப்பியிருப்பாங்க."

"அண்ணே, சும்மா இரு," என்றான் சிச்சோ. குரலில் இருந்த ஏளனம் எங்கோ போய்விட்டது.

"இனிமே என்னடா? ஆட்டம் முடிஞ்சுது. நான் திரும்பிப் போகப் போறதில்லை. காலையில பதிவு ஆபீஸ்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன். என்ன தண்டனையோ வரட்டும்." கோட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார்.

"முட்டாள்! பலகை வெச்ச அன்னிக்கா போய்ச் சொல்லுவே?" என்று சிச்சோ கத்தினான். ஆனால் இரண்டு கைகளையும் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் அந்தக் காகிதத்தைத் தொட்டான்.

நெரேய்தா எட்டிப் பார்த்தாள். "இது உங்க பிறப்புச் சான்றிதழ் ஆச்சே அத்தான்? இதை எதுக்கு இவன்கிட்ட கொடுக்கறீங்க?"

எவாரிஸ்தோ தலையைக் குனிந்துகொண்டார். "இருபத்தோரு வயசுக்காரனை அமெரிக்காக்காரன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். அன்னிக்கு எனக்கு இருபத்தொண்ணு, இவனுக்குத்தான் பதினேழு."

அவள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவாரிஸ்தோங்கறது நான் இல்லைம்மா, உன் புருஷன்."