பின்னாடி இன்னும் ஒருத்தர்

தடதடவென்று முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டபோது, மலைதான் சரிந்து வருகிறது என்று மாஸ்டர் நினைத்தார்.

மலை இல்லை. குதிரை.

பிரேக்கை அழுத்தினாரா, சைக்கிளை விட்டுக் குதித்தாரா, அவருக்கே தெரியாது. புதருக்குள் மல்லாந்து கிடந்தபோது நான்கு குளம்புகளும் அவர் காலை உரசாத குறையாகத் தாண்டிப் போயின. மண்ணும் சருகும் முகத்தில் வந்து அடித்தன.

முதுகில் சேணம் இருந்தது. சேணத்தின்மேல் ஆள் இல்லை. கடிவாள வார் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

எழுந்து உட்கார்ந்து, கை கால்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட வாயைத் திறந்தவர், திறந்த வாயை மூடவில்லை.

குதிரை பின்னாலிருந்து வந்தது. பின்னால்தான் அவர் மனைவி வந்துகொண்டிருந்தாள்.

வாரத்தில் ஆறு நாளும் மாஸ்டருக்கு டிரைவிங் ஸ்கூல். "கண்ணாடியப் பாரு, பின்னாடி யார் வர்றாங்கன்னு பாரு" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர். அதே ஸ்கூலில் ரசீது போட்டு, போன் எடுத்து, அவர் திட்டியதில் அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவள் மனைவி. ஏழாவது நாள் இரண்டு பேரும் காட்டுக்குள் சைக்கிள் மிதிக்க வருவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். அது அவர் போட்ட ஏற்பாடு.

அடிவாரத்துக் குதிரை லாயத்தருகே தொடங்கி, மேடேறிச் சுற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே இறங்கும் ஒற்றையடிப் பாதைதான். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் பொது. எதிரே யாராவது வந்தால், நமக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பாதையின் மரியாதை அது.

இன்றைக்கும், கைத்தடியோடு வந்த நடைக்காரரிடம் வழக்கம்போலச் சொன்னார். "பின்னாடி இன்னும் ஒருத்தர்."

வாராவாரம் இதைக் கேட்கிற அந்த மனிதர் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனார்.

குதிரையையும் பொதுவில் சேர்த்ததில்தான் மாஸ்டருக்கு உடன்பாடு இல்லை. டயரில் லத்தி ஒட்டும்போதெல்லாம் வனத்துறைக்கு ஒரு புகார் தட்டிவிடுவார். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்துக் கொடுப்பவளும் மனைவிதான்.

வளைவுக்கு வளைவு மணி அடிப்பார். முன்பெல்லாம் பின்னாலிருந்து அவளுடைய மணி பதில் சொல்லும். அப்புறம் ஒருநாள், மணி கெட்டுப்போய்விட்டது என்றாள். மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றவில்லை.

மாஸ்டர் வந்த வழியே மேட்டில் ஓடினார்.

கடைசியாக அவளை எங்கே பார்த்தோம் என்று ஓடிக்கொண்டே யோசித்தார். முதல் வளைவிலா? லாயத்துக்குப் பக்கத்திலா? எங்கே யோசித்தாலும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது நினைவு. அங்கே ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு, "நீங்க போங்க, வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

கூப்பிட்டார். மரங்கள் மட்டும்தான் கேட்டன.

இரண்டு வளைவு தாண்டி, பள்ளத்தின் ஓரத்தில், ஒரு வேரில் சாய்ந்து கிடந்தாள். இடது கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கன்னமெல்லாம் மண். முகத்தில் ரத்தமே இல்லை.

கண் திறந்திருந்தது.

மாஸ்டர் மண்டியிட்டு விழுந்தார். "இந்தாம்மா, என்னைப் பாரு. எங்க வலிக்குது?"

அவள் உதடு அசைந்தது. மூச்சு அடைத்திருந்ததால் சத்தம் வரவில்லை.

அவருக்கு அழுகை வந்தது. தனக்கு இவ்வளவு அழத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டைக் கையால் அவள் கன்னத்தைத் துடைத்தார். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். சைக்கிளைக் காணோம்.

பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஆழத்தில் செடிகள் மட்டும் தெரிந்தன. குதிரை மோதிய வேகத்தில் சைக்கிள் எந்தப் பாதாளத்துக்குப் போயிற்றோ. அதோடு இவளும் போயிருந்தால்?

கீழேயிருந்து குளம்புச் சத்தம். இந்தமுறை நிதானமாக.

லாயக்காரர் அந்தக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார். வெறும் சேணத்தோடு அது லாயத்தில் வந்து நின்றதும் பதறிக் கிளம்பியிருக்கிறார்.

பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்தது மாஸ்டருக்கு.

"வாய்யா, வா. காசு வாங்கிட்டு எவனை வேணும்னாலும் ஏத்தி அனுப்பிடுவியா? எவன்யா இதுல ஏறினவன்? என் பொண்டாட்டி மேல மோதிட்டு எங்கய்யா ஒளிஞ்சிருக்கான்? போலீஸ்ல சொல்லி உள்ள வைக்கிறேனா இல்லையா பாரு."

லாயக்காரர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார், சொல்லவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி.

குதிரை தானாகவே முன்னால் வந்தது. தலையைத் தாழ்த்தி அவள் தோளை முகர்ந்தது.

"தள்ளிப் பிடிய்யா அத" என்று மாஸ்டர் கையை ஓங்கினார்.

அதற்குள் அவளுடைய நல்ல கை எழுந்தது. போய்க் குதிரையின் நெற்றியில் உட்கார்ந்தது. பயந்த கை இல்லை அது. வெகுநாள் பழகிய கை.

ஓங்கிய கையை இறக்க மறந்து நின்றார் மாஸ்டர்.

"அவரத் திட்டாதீங்க. இதுல ஏறினது நான்தான்." அவள் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்க பின்னாடி வர்றத நான் விட்டு ஆறு மாசமாச்சுங்க."