தள்ளுவதா, திறப்பதா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு உலகத்தில் ஒரே குறை, அவர் குடியிருந்த தெரு. ஒழுக்கமில்லாத தெரு, எந்நேரமும் சத்தம். பழைய மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால் நிம்மதி என்று முடிவு செய்தார். இருந்த நிம்மதியும் அன்றோடு போயிற்று.

“தள்ளித் திறக்கற ஜன்னல்தான் வேணும். இடத்தை அடைக்காது” என்றார் மனைவி.

“தள்ளினா பாதிதான் திறக்கும். கதவு மாதிரி முழுசா திறக்கணும். காத்து வரவேண்டாமா?”

“காத்து வந்தா என்ன பண்ணுவீங்க? பேப்பரை மூஞ்சியில போட்டுக்கிட்டுத் தூங்குவீங்க.”

“முப்பது வருஷம் ஆயிரம் பிள்ளைங்களை அடக்கினவன் நான்!”

“அது அதுங்க தலையெழுத்து.”

மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் எதிர் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் அளவு நாடாவோடு ஜன்னல் கடைக்காரர்.

“சார், தள்ளுற ஜன்னலே போட்டுரலாம்” என்றார் எதிர் வீட்டுக்காரர், மிகப் பணிவாக.

தலைமையாசிரியர் திகைத்தார். “எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வாரமா தெருவே கேட்டுக்கிட்டுத்தானே சார் இருக்கு! நேத்து பதினோரு வீடும் கூடி ஓட்டெடுத்தோம். அம்மாவுக்கு ஒன்பது, உங்களுக்கு ரெண்டு. உள்ளே பேசறது வெளிய கேக்காத ரெட்டைக் கண்ணாடிக்கு மட்டும் பதினொண்ணும் விழுந்துச்சு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அந்த ஒன்பது பேர் யார் யாரு?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

தெருக்கோடி வீட்டில் யாரோ அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.